ஒரு கேபிளை மட்டும் பிடுங்கவும்

பச்சையாக இருக்க வேண்டிய விளக்கு ஆரஞ்சாக இருந்தது.

மாடிப்படிக்கு அடியில், துடைப்பத்துக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே சுவரில் மாட்டியிருந்த இரும்புப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, டீச்சர் அந்த விளக்கையே பார்த்தபடி நின்றாள்.

அவள் உண்மையில் டீச்சர் இல்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் ஆர்டர்களைக் கணினியில் ஏற்றுகிறவள். கீழே கண்ணைப் பரிசோதித்து பவர் எழுதித் தருவார்கள். அவள் அதைத் தட்டி அனுப்புவாள். அது கேபிள் வழியாக மேல் மாடிப் பட்டறைக்குப் போகும். அங்கே இருக்கிற மெஷின் லென்ஸை வெட்டித் தள்ளும். இதற்காகக் கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச். ஃபேன் போடுகிற ஸ்விட்ச் அல்ல. வரிசையாகத் துளைகளும், துளைக்கு ஒரு குட்டி விளக்குமாக இருக்கும் தட்டையான பெட்டி. ஒரு கணினி சொல்வதை வாங்கி, சேர வேண்டிய கணினிக்கு மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பது அதன் வேலை.

இரண்டு மாதம் முன்பு தலைமையிடத்தில் இதற்காக ஒரு நாள் வகுப்பு நடந்தது. எல்லாக் கிளைகளிலிருந்தும் நாற்பது பேர் போனார்கள். ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு வாங்கி அவள்தான் முதல். போன இரண்டு மதிப்பெண்ணும் கையெழுத்துக்காகத்தான் போயிருக்கும் என்பது அவள் கணிப்பு.

திரும்பி வந்ததும் தான் கற்றதை எல்லாம் முன்னும் பின்னுமாக ஒரே தாளில் எழுதி, பதினொரு நகல் எடுத்து, கடையில் ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். தலைப்பு: ‘ஸ்விட்ச் வைத்திருப்போர் அறிய வேண்டிய சொற்கள்.’ அன்று மாலைக்குள் அவளுக்கு டீச்சர் என்று பெயர் வந்துவிட்டது.

பெயர்தான் வந்தது. மாணவர் ஒருவரும் வரவில்லை. ஒரு நகல் தேநீர்க் கோப்பைக்கு அடியில் போனது. ஒன்று விசிறியானது. கவுண்ட்டர் அக்கா தன்னுடையதன் ஓரத்தில் கோலம் மாதிரி ஏதோ கிறுக்கி வைத்திருந்தாள்.

அவள் இதற்கெல்லாம் வருத்தப்பட்டிருக்க மாட்டாள், தலைமையிடத்திலிருந்து அந்தக் கடிதம் வராமல் இருந்திருந்தால்.

கிளைக்கு ஒரு நெட்வொர்க் பொறுப்பாளர் வேண்டும், வகுப்பில் முதலாக வந்ததால் அவளுக்கே தர உத்தேசம் என்று எழுதியிருந்தது. நிபந்தனை இரண்டு. ஒன்று, அதிகாரி வந்து பார்க்கும்போது இரண்டு மாடிக்கும் தொடர்பு இருக்க வேண்டும். இரண்டு, பொறுப்பாளர் இல்லாத மாடியில், ஸ்விட்சைக் கையாளத் தெரிந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். இல்லையென்றால் வேலை வெளி ஆளுக்குப் போய்விடும்.

அதிகாரி வருவது இன்றைக்கு, மூன்று மணிக்கு.

“என்ன டீச்சர், பெட்டி என்ன சொல்லுது?” என்றாள் கவுண்ட்டர் அக்கா.

“ஆரஞ்சு.”

“ஆரஞ்சுன்னா?”

“காகிதத்துல எழுதியிருக்கேனே அக்கா.”

“அதை எங்க வெச்சேன்னு தெரியல. நீயே சொல்லிடு.”

“மேலயும் கீழயும் சரியாப் பேசிக்கல.”

“எங்க வீட்டு மாதிரின்னு சொல்லு. சீக்கிரம் சரி பண்ணு, பன்னெண்டு பேரு உக்காந்திருக்காங்க.”

காலையில் கடை திறந்த நேரம் மின்சாரம் ஒரு முறை கண்சிமிட்டிவிட்டுப் போயிருந்தது. அதற்குப் பிறகுதான் இந்த ஆரஞ்சு. டீச்சர் தன் தாளை எடுத்துப் பின்பக்கம் திருப்பினாள். எழுதியவளே ஆனாலும் எழுதியதைப் பார்த்துச் செய்வதுதான் முறை என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

‘ஒன்று: விளக்கு பச்சையாக இல்லாவிட்டால் கேபிளைச் சந்தேகப்படவும். உபரிக் கேபிளைச் செருகவும்.

இரண்டு: எல்லா விளக்கும் ஒரே சமயத்தில் துடித்தால் அது லூப். ஒரு கேபிளை மட்டும் பிடுங்கவும்.

மூன்று: விளக்கு எரியவே இல்லை என்றால், இருக்கும் கேபிளை எடுத்துவிட்டு மற்றதைச் செருகவும்.

நான்கு: ஒவ்வொரு முறையும் கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடம் பொறுக்கவும். பதற வேண்டாம்.’

அந்தக் கடைசி இரண்டு சொற்களை வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. அவளே சேர்த்தது. அதில் அவளுக்குத் தனிப் பெருமை.

இரண்டு மாடிக்கும் நடுவே சுவருக்குள் இரண்டு கேபிள்கள் போயின. நீலம் புழக்கத்தில் இருப்பது. சாம்பல் நிறம் உபரி. மேலே இரண்டும் செருகியிருக்கும், கீழே மட்டும்தான் சாம்பலின் முனையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று அவள் எண்ணியிருந்தாள். அந்த முனையைத் தூசி தட்டி, காலியாக இருந்த துளையில் செருகினாள். ‘க்ளிக்’ என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தம் அவளுக்கு மிகவும் பிடிக்கும்.

விளக்கு வரவில்லை. பொறுத்தாள்.

மூன்றாவது நிமிடம் பச்சை வந்தது.

‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்று அவள் நிமிர்ந்தாள். நான்காவது நிமிடம் எல்லா விளக்கும் ஒன்றாகத் துடிக்கத் தொடங்கின. பதினாறு விளக்கும், பயந்துபோன கண்கள் மாதிரி, திறந்து மூடி, திறந்து மூடி.

“டீச்சர்! என் கம்ப்யூட்டர் செத்துப் போச்சு!” கவுண்ட்டர் அக்காவின் குரல்.

“என்னோடதும்!” பரிசோதனை அறையிலிருந்து.

மேல் மாடிக்கு மட்டும் இருந்த கோளாறு இப்போது கடைக்கே வந்துவிட்டது. டீச்சர் தலையில் தட்டிக்கொண்டாள். லூப்! இரண்டு ஸ்விட்சுக்கும் நடுவே இரண்டு வழி இருந்தால், ஒன்று கூவியதை மற்றது திருப்பிக் கூவும், அதை முதலாவது மறுபடி கூவும். கூவல் சுற்றிச் சுற்றி வந்து யாரையும் பேச விடாது. முன்பக்கத்தில் அவளே எழுதியிருக்கிறாள். நீலத்தை எடுக்காமல் சாம்பலைச் செருகியது அவளேதான்.

ஒரு கேபிளை மட்டும் பிடுங்க வேண்டும். எதை? பின்னால் வந்தவன்தானே முதலில் போக வேண்டும் என்று சாம்பலைப் பிடுங்கினாள்.

துடிப்பு நின்றது. கீழ்க் கணினிகள் உயிர் பெற்றன. ஆனால் நீலத்தின் விளக்கு ஆரஞ்சும் இல்லை, பச்சையும் இல்லை. அணைந்தே போயிருந்தது.

“முன்னாடியாவது மெதுவாப் போச்சு, இப்போ சுத்தமாப் போகலியே,” என்றாள் கவுண்ட்டர் அக்கா. “டாக்டர் தலைவலிக்குப் பாத்தா காய்ச்சல் வந்த கதைதான்.”

“அஞ்சு நிமிஷம் பொறுங்க அக்கா.”

“நான் பொறுப்பேன். அந்தப் பன்னெண்டு பேரு இப்போ பதினஞ்சு ஆயிட்டாங்க, அவங்ககிட்ட யாரு சொல்றது?”

டீச்சர் படியேறினாள். மேல் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டால் நல்லது.

படி திரும்பும் இடத்தில் ஒரு ஜன்னல், அதன் கீழே ஒரு பெஞ்சு, மேலே இரண்டு மாடியிலிருந்தும் தெரிகிற பொதுவான கடிகாரம். பெஞ்சில் அகலமான தோள்களோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தாள். பஸ் ஓட்டுகிறவள். அவளுடைய கண்ணாடி மேல் அவள் மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டான். நான்கு மணிக்குப் பஸ் எடுக்க வேண்டும். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எதிரே நிற்பது ஆணா பெண்ணா என்றே தெரியாது.

“யாரு, நீலக் கோட்டு போட்டிருக்கியே, டீச்சரா?”

“ஆமாம்மா.”

கடையில் எல்லோருக்கும் அதே நீலக் கோட்டு, அதே நீலத் தொப்பி.

“என் கண்ணாடி?”

“கேபிள்ல சின்னப் பிரச்சினைம்மா. இதோ ஆயிடும்.”

“ஆகட்டும் ஆகட்டும். ஆனா கண்ணு, நாலு மணிக்கு நான் வண்டி எடுக்கலைன்னா, நூறு பேரு என் மாப்பிள்ளையைத் திட்டுவாங்க. அதைக் கேக்க எனக்கும் ஆசைதான். இருந்தாலும் பொழப்புன்னு ஒண்ணு இருக்கே.”

பட்டறையில் அண்ணன் மெஷின் முன்னால் நின்றிருந்தார். இருபத்திரண்டு வருடமாக லென்ஸ் வெட்டுகிறவர். மெஷின் இல்லாத காலத்தில் கையால் தேய்த்தே லென்ஸ் செய்தவர் என்பதால், மேல் மாடியில் மெஷின் உட்பட எல்லோரும் அவருக்கு அடக்கம். மேல் பெட்டியின் சாவியும் அவரிடம்தான். பட்டறைக்கு வெளியே, படித் திருப்பத்திலிருந்து பார்த்தால் தெரிகிற வராந்தாக் கோடியில் இருந்தது அந்தப் பெட்டி.

“அண்ணே, பெட்டிச் சாவி குடுங்களேன்.”

அவர் சட்டென்று கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். நெற்றியில் வியர்வை.

“எதுக்கு?”

“கேபிளைப் பாக்கணும்.”

“அதுல என்ன பாக்கறது? பெட்டி கல்லு மாதிரி இருக்கு. கோளாறு கீழ. நீ உன் பக்கத்தைப் பாரு.”

“நீங்க ஒண்ணும் தொடலையே?”

“நானா?” அண்ணன் பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். மெருகு போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். “நான் எதுக்கு அதைத் தொடறேன்? நான் லென்ஸ் வெட்டறவன். ஒயரெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம்.”

“அந்தக் காகிதத்தையாவது படிச்சீங்களா அண்ணே? மூணு மணிக்கு அதிகாரி வந்து, மேல யாருக்குத் தெரியும்னு கேப்பாங்க.”

“இந்த வயசுல என்னைப் பள்ளிக்கூடத்துல சேத்துவிடப் பாக்கறியா டீச்சரம்மா?”

மெருகுக்காரர்கள் சிரித்தார்கள். டீச்சர் முகம் சுண்டிப்போய் இறங்கினாள்.

கீழே வந்ததும் தாளின் மூன்றாம் வரி. நீலத்தை எடுத்துவிட்டுச் சாம்பலைச் செருகினாள். ஒரு கணம், கண்ணிமைக்கும் நேரம், பச்சை வந்தது. அவள் மூச்சை இழுப்பதற்குள் அணைந்துவிட்டது.

“வந்துச்சு அக்கா! வந்து, என்னைப் பாத்துட்டு, போயிடுச்சு!”

“பாத்துட்டுப் போக அது என்ன, பொண்ணு பாக்க வந்ததா?”

ஐந்து நிமிடம் பொறுத்தாள். கடிகாரத்தின் பெரிய முள் அடுத்த எண்ணைத் தொட்டதும் சாம்பலை எடுத்தாள், நீலத்தைச் செருகினாள். இல்லை. ஐந்து நிமிடம். நீலத்தை எடுத்தாள், சாம்பலைச் செருகினாள். இல்லை. நடுநடுவே அந்தக் கண்சிமிட்டல் பச்சை மட்டும் வந்து ஆசை காட்டிவிட்டுப் போனது.

இப்படி ஒரு கோளாறு புத்தகத்தில் கிடையாது. நீலம் பழுது என்றால் சாம்பல் வேலை செய்ய வேண்டும். இரண்டும் பழுது என்றால் அந்தக் கண்சிமிட்டலும் வரக்கூடாது. அவள் துளையை மாற்றினாள். ஸ்விட்சை ஒரு முறை அணைத்துப் போட்டாள். அதனால் கவுண்ட்டர் அக்கா பாதி ஏற்றியிருந்த மூன்று ஆர்டர்கள் காற்றோடு போயின.

“டீச்சர், உன் காலைத் தொட்டுக் கேக்கறேன், இனிமே சரி பண்ணாதே!”

“வேற வழி பண்றேன் அக்கா. கையால எழுதி மேல அனுப்பலாம்.”

கையால் எழுதினார்கள். யார் எடுத்துக்கொண்டு ஏறுவது என்று தகராறு வந்தது. கவுண்ட்டர் அக்காவுக்கு முழங்கால் வலி. அவள் கண்டுபிடித்த வழி சுலபமானது. படியடியில் நின்று மேலே பார்த்துக் கத்தினாள்.

“வலது மைனஸ் ரெண்டே கால்! இடது மைனஸ் மூணு!”

“யாருக்கு?” மேலிருந்து ஒரு மெருகுக்காரர்.

“ஓரத்துல உக்காந்திருக்கற அழகான சாருக்கு!”

காத்திருந்தவர்களில் நான்கு பேர் எழுந்து நின்றார்கள்.

“இதுக்குப் பேருதான் பிராட்காஸ்ட் அக்கா,” என்றாள் டீச்சர், அந்த நிலையிலும் விடாமல். “யாருக்குன்னு தெரியாம எல்லாருக்கும் கூவறது. ஸ்விட்ச் இருந்தா அப்படிக் கூவாது. எந்தத் துளையில யாரு இருக்காங்கன்னு ஞாபகம் வெச்சுக்கிட்டு, அவங்களுக்கு மட்டும்...”

“பாடம் அப்புறம். அடுத்தவரு! ரெண்டு கண்ணும் மைனஸ் ஆறு!”

“ஆறா? எங்கிட்ட ஒண்ணுன்னுதானே சொன்னே?” என்றாள் கூட்டத்தில் ஒரு மனைவி, பக்கத்தில் இருந்த கணவனைப் பார்த்து. “கல்யாணத்துக்கு முன்னாடி சரியாத் தெரியுதுன்னு சொன்னியே, என்னத்தைப் பாத்தே?”

அந்தச் சண்டை அடங்க அரை மணி ஆனது. அதன் பிறகு யாரும் தங்கள் பவரைக் கூவக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சீட்டுகளை டீச்சரே எடுத்துக்கொண்டு மேலே ஓடினாள். அண்ணன் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, “மெஷினுக்குக் கையெழுத்து படிக்கத் தெரியாதும்மா. அதுக்கு லைன்ல வந்தாத்தான் தெரியும்,” என்றார். கையால் வெட்டலாமே என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவரும் ஏதோ அவசரத்தில் இருப்பவர் போலக் கடிகாரத்தையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

இறங்கும்போது பஸ்காரம்மா கூப்பிட்டாள்.

“கண்ணு, உனக்குக் காலா சக்கரமா?”

“ஏன்மா?”

“இப்பத்தான் மேல நிக்கறே. திரும்பிப் பாத்தா கீழ நிக்கறே. படியில சத்தமே இல்ல, பூனை மாதிரி. நானும் எத்தனையோ கண்டக்டரைப் பாத்திருக்கேன், இப்படி ஒரு சுறுசுறுப்பைப் பாத்ததில்ல.”

டீச்சருக்கு அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. இன்று அவளை யாரும் பாராட்டியிருக்கவில்லை. பாராட்டுகிறவளுக்குக் கண் தெரியாவிட்டால் என்ன.

“வேலைன்னு வந்துட்டா அப்படித்தாம்மா,” என்றாள்.

மறுபடி நீலம். மறுபடி சாம்பல். மதியம் சாப்பிடவில்லை. விரல் நுனி சிவந்துவிட்டது. இரண்டே முக்காலுக்கு அவள் பெட்டியின் முன் நின்றாள். பெரிய முள் ஒன்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. துளையில் இருந்தது நீலம். எடுத்துவிட்டுச் சாம்பலைச் செருக வேண்டிய முறை.

அவள் கையை நீட்டவில்லை. தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். மெதுவாகப் படியேறிப் போய்ப் பஸ்காரம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்ன கண்ணு, சக்கரம் பஞ்சர் ஆயிடுச்சா?”

“இல்லம்மா. தோத்துட்டேன்.”

“யாருகிட்ட?”

“ரெண்டு கேபிள்கிட்ட. எங்க வீட்டுல யாரும் பொறுப்பாளர்னு ஒரு வேலை பாத்ததில்ல. எங்க அப்பா நேத்தே சட்டையை இஸ்திரி போட்டு வெச்சுட்டாரு, சாயங்காலம் நான் வந்து சொன்னதும் போட்டுக்கிட்டுத் தெருவுல ஒரு நடை நடக்கணும்னு. இப்ப மூணு மணிக்கு அதிகாரி வருவாங்க. வெளி ஆளைப் போடுவாங்க. அவன் வந்து என் பெட்டியைத் திறப்பான்.”

பஸ்காரம்மா அவள் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். பஸ் கதவைத் தட்டுகிற பழக்கத்தில் கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

“இதைக் கேளு. சின்னப் பாலத்துல போறேன், எதிர்ல இன்னொரு வண்டி. நான் இந்தப் பக்கம் ஒதுங்கினா அவனும் இந்தப் பக்கம். நான் அந்தப் பக்கம்னா அவனும் அந்தப் பக்கம். அப்ப நான் என்ன செய்வேன் தெரியுமா? இன்ஜினை அணைச்சுட்டு, கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துடுவேன். எதிராளி எப்படியாவது போய்த்தானே ஆகணும்.”

“பாலத்துல சரிம்மா. இங்க எதிர்ல யாரு இருக்கா?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் குருடியா உக்காந்திருக்கேனே.”

கீழேயிருந்து ஒரு கூச்சல்.

“டீச்சர்! போகுது! போகுது! எல்லா ஆர்டரும் மேல போகுது!”

டீச்சர் மூன்று மூன்று படிகளாகத் தாவி இறங்கினாள். நீலக் கேபிளின் விளக்கு பச்சையாக, நாள் முழுவதும் அப்படியே இருந்தது போலச் சாதுவாக எரிந்துகொண்டிருந்தது. அணையவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், அணையவே இல்லை. மேலே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. காத்திருந்தவர்கள் கை தட்டினார்கள்.

“எப்படிம்மா செஞ்சே?” என்றாள் கவுண்ட்டர் அக்கா.

“பதறாம இருந்தேன் அக்கா,” என்றாள் டீச்சர். தாளில் நான்காம் வரியின் கடைசி இரண்டு சொற்கள்தான் ஜெயித்தன என்று அவள் மனதார நம்பினாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். பெட்டியின் கதவைக் கோட்டு முனையால் துடைத்தாள்.

மூன்றடித்து இரண்டு நிமிடத்தில் அதிகாரி வந்தார். ஒல்லியான பெண்மணி. தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவர். பெட்டியைத் திறந்து பார்த்தார். கேபிள்களில் ஒட்டியிருந்த எண்களைப் பார்த்தார். தானே ஓர் ஆர்டரை ஏற்றி, மேல் மாடியில் மெஷின் அதை வாங்கிக்கொண்டதா என்று ஆள் அனுப்பிக் கேட்டார்.

“நல்லா வெச்சிருக்கீங்க.”

“நன்றிங்க.”

“முதல் நிபந்தனை சரி.” ஒரு டிக் போட்டார். “இந்தத் தாள் நீங்க எழுதினதா?”

“ஆமாங்க.”

அவர் நின்றபடியே இரண்டு பக்கமும் படித்தார். “‘கணினிக்கு மேக் முகவரி என்பது பிறவி மச்சம், ஐபி முகவரி என்பது குடியிருக்கும் வீட்டு எண்.’ நாங்க இதை மூணு பக்கத்துக்கு எழுதியிருந்தோம். நீங்க ஒரு வரியில சொல்லிட்டீங்க.” டீச்சரின் காது மடல் சிவந்தது. “இரண்டாவது நிபந்தனை. மேல் மாடியில இதைப் படிச்சுக் கத்துக்கிட்டவர் யாரு?”

டீச்சர் கோட்டுப் பொத்தானைத் திருகினாள். கவுண்ட்டர் அக்கா பின்னாலிருந்து, “யார் பேரையாவது சொல்லு, யார் பேரையாவது சொல்லு,” என்று வாயை மட்டும் அசைத்தாள்.

சொல்லிவிடலாம். அண்ணன் பெயரைச் சொன்னால் அவர் மறுக்கவா போகிறார். ஆனால் ஐம்பதுக்கு நாற்பத்தெட்டை அவள் யாருடைய தாளையும் பார்க்காமல் வாங்கியிருந்தாள். இன்றைக்கு மட்டும் பொய்யில் ஒரு மதிப்பெண் வாங்க நாக்கு எழவில்லை.

“பதினொரு பேருக்குக் குடுத்தேங்க.”

“படிச்சாங்களா?”

“இல்லைங்க. ஒருத்தரும் படிக்கல.”

அதிகாரி பேனாவை மூடினார். அவர் முகத்திலும் ஒரு வருத்தம் தெரிந்தது.

“உங்க உண்மையை மதிக்கறேன். ஆனா ஒரு மாடிக்கு மட்டும் தெரிஞ்சு பிரயோஜனம் இல்ல. வெளி ஆளைத்தான்...”

படியில் காலடிச் சத்தம். பட்டறை அண்ணன், இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக, ஒரு கண்ணாடியைத் தானே தட்டில் வைத்துக் கீழே எடுத்து வந்துகொண்டிருந்தார். டீச்சர் சொன்னது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். படியின் பாதியில், பஸ்காரம்மாவின் பெஞ்சுக்குப் பக்கத்தில், நின்றுவிட்டார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பின்னாலேயே இறங்கி வந்த மெருகுக்காரர்களைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

“என்னுதா? குடுங்க குடுங்க.” பஸ்காரம்மா தட்டிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஜன்னலைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், கீழே நின்ற டீச்சரை ஆசை தீரப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற அண்ணனைத் தொப்பியிலிருந்து செருப்பு வரை, மறுபடி செருப்பிலிருந்து தொப்பி வரை பார்த்துவிட்டு, கடை முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னாள்:

“அடக் கடவுளே, ரெண்டு பேரா நீங்க! அப்போ காலையிலேருந்து அதே காகிதத்தை மூக்குல ஒட்டிக்கிட்டு, வரிவரியா விரலை ஓட்டிப் படிச்சு, கடிகாரம் பாத்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மேல் பெட்டியில ஒரு ஒயரைப் புடுங்கி இன்னொண்ணைச் செருகினது நீ இல்லையா கண்ணு, இந்த மீசைக்காரரா?”